‘இது தண்டனை அல்ல’: போர்க்கால அமெரிக்காவில் பேசியவர்களும் கப்பல் ஏற்றப்பட்டவர்களும்

வாசகர் ஒருவர் கேட்ட கேள்வி இது: “முதல் உலகப் போர்ச் சமயத்தில் அமெரிக்கா போட்ட உளவுச் சட்டம், தேசத்துரோகச் சட்டம், அரசே வேண்டாம் என்னும் அனார்க்கிஸ்டுகளை நாடு கடத்தும் சட்டம் எல்லாம் ஒன்றேதானா? பேச்சுரிமையை அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கும் நாட்டில் இவை எப்படிச் செல்லுபடியாயின? அனார்க்கிஸ்ட் பேச்சாளர் எம்மா கோல்ட்மனை எந்தச் சட்டத்தில் அனுப்பினார்கள்?”

ஒன்றல்ல. ‘போர்க்கால அடக்குமுறை’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது வழக்கம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூட்டையைப் பிரித்தால் உள்ளே இரண்டு வேறு வேறு வழிகள் இருக்கின்றன. ஒன்று நீதிமன்றம் வழியாகப் போவது. அதில் குற்றப்பத்திரிகை, வக்கீல், ஜூரி, மேல்முறையீடு எல்லாம் உண்டு. இன்னொன்று அரசு அலுவலக மேசை வழியாகப் போவது. அதில் ஒரு ஃபைல், ஒரு விசாரணை அதிகாரி, கடைசியில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். உளவுச் சட்டமும் தேசத்துரோகச் சட்டமும் முதல் வகை. நாடு கடத்தும் சட்டம் இரண்டாவது வகை. புகழ் பெற்ற தீர்ப்புகள் எல்லாம் முதல் வகையில் வந்தவை என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ இரண்டாவதுதான் கூர்ந்து பார்க்க வேண்டியது என்று தோன்றுகிறது.

முதல் வழியை முதலில் பார்த்துவிடலாம். 1917 ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போரில் இறங்கியது. ஜூன் 15 அன்று ஜனாதிபதி உட்ரோ வில்சன் உளவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பெயரைப் பார்த்தால் ஒற்றர்களைப் பிடிக்கும் சட்டம் என்று தோன்றும். அதன் பெரும்பகுதி உண்மையிலேயே துறைமுகம், பாஸ்போர்ட், ராணுவ ரகசியம் பற்றியதுதான். நடுவில் ஒரு பிரிவு இருந்தது. போர்க் காலத்தில் படைகளுக்குள் கீழ்ப்படியாமையைத் தூண்ட முயன்றாலோ, ஆள் சேர்ப்பைத் தடுத்தாலோ 20 வருஷம் வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் பாய்ந்தது அந்த ஒரு பிரிவுதான். பத்திரிகைகளுக்கு நேரடித் தணிக்கை அதிகாரமும் வேண்டும் என்று வில்சன் கேட்டிருந்தார். நாடாளுமன்றம் அதை மட்டும் வெட்டிவிட்டது.

வெட்டி என்ன பிரயோஜனம்? தபால் துறை இருந்ததே. இந்தச் சட்டத்தை மீறும் எதையும் தபாலில் எடுத்துச் செல்லக் கூடாது என்று இன்னொரு பிரிவு சொன்னது. எது மீறுகிறது என்று முடிவு செய்யும் அதிகாரம் தபால் துறைத் தலைவர் ஆல்பர்ட் பர்ல்சன் கையில். நியூயார்க்கிலிருந்து வந்த ‘தி மாஸஸ்’ என்ற இடதுசாரிப் பத்திரிகையை அவர் துறை கையாண்ட விதத்தைப் பாருங்கள். 1917 ஆகஸ்ட் இதழைத் தபாலில் ஏற்க மறுத்தார்கள். பத்திரிகை நீதிமன்றம் போனது. நீதிபதி லேர்னட் ஹேண்ட், சட்டத்தை மீறச் சொல்லி நேரடியாகத் தூண்டினால்தான் குற்றம், விமர்சனம் குற்றமாகாது என்று பத்திரிகைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். மேல் நீதிமன்றம் உடனே அதற்குத் தடை போட்டது, பின்னால் தீர்ப்பையே மாற்றிவிட்டது. இதற்கிடையே செப்டம்பர் இதழ் வந்தது. பத்திரிகைகளுக்கான சலுகைத் தபால் கட்டணம் தொடர்ந்து வெளிவரும் இதழ்களுக்குத்தான்; நீங்கள் ஆகஸ்ட் இதழைத் தபாலில் அனுப்பவில்லையே, ஆகவே நீங்கள் தொடர்ந்து வெளிவரும் பத்திரிகை இல்லை என்று சலுகையை ரத்து செய்துவிட்டார்கள். ஆகஸ்ட் இதழை நிறுத்தியதே அவர்கள்தான். அந்த வருஷம் முடிவதற்குள் பத்திரிகை நின்றுபோனது.

பிற மொழிப் பத்திரிகைகளுக்கு இன்னும் எளிய வழி வைத்திருந்தார்கள். 1917 அக்டோபரில் வந்த எதிரி நாட்டு வணிகச் சட்டத்தில் ஒரு பிரிவு: ஆங்கிலம் அல்லாத மொழியில் அச்சாகும் பத்திரிகை, அரசைப் பற்றியோ போரைப் பற்றியோ ஏதாவது எழுதினால் அதன் முழு ஆங்கில மொழிபெயர்ப்பையும் உள்ளூர்த் தபால் அதிகாரியிடம் கொடுத்தாக வேண்டும். யிட்டிஷ், ரஷ்யன், ஜெர்மன், ஃபின்னிஷ் மொழிகளில் நாலு பக்கம் போடும் சின்னப் பத்திரிகைக்கு இந்தச் செலவைத் தாங்க முடியுமா? அரசுக்கு ஆதரவாக எழுதினால் விலக்கு அனுமதி வாங்கிக்கொள்ளலாம். பலர் வாயை மூடிக்கொண்டார்கள், சிலர் பத்திரிகையையே மூடினார்கள்.

1918 மே 16 அன்று வந்த தேசத்துரோகச் சட்டம் தனிச் சட்டம்கூட அல்ல. உளவுச் சட்டத்துக்குப் போட்ட திருத்தம். அரசாங்க முறை, அரசியல் சாசனம், ராணுவம், கொடி, ராணுவ உடுப்பு ஆகியவற்றைப் பற்றி விசுவாசமற்ற, கீழ்த்தரமான, வசைமொழி பேசினாலே குற்றம். சட்டைத் துணியைத் திட்டினால்கூட 20 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு முன்மாதிரி மோன்டானா மாநிலம் அதே வருஷம் பிப்ரவரியில் போட்ட சட்டம். அங்கே ஒயின் விற்கும் ஒருவர் போர்க்கால உணவுக் கட்டுப்பாட்டைப் ‘பெரிய ஜோக்’ என்று சொன்னதற்கு ஏழரை முதல் இருபது வருஷம் வரை தண்டனை கிடைத்தது. அந்த மாநிலத்தில் இப்படித் தண்டிக்கப்பட்ட 78 பேருக்கு 2006-ல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். வாங்கிக்கொள்ள ஒருவரும் உயிரோடு இல்லை.

மத்திய அரசு இந்த இரு சட்டங்களின் கீழ் சுமார் 2,000 பேர் மேல் வழக்குப் போட்டது. பாதிப் பேருக்குத் தண்டனை. அவர்களில் ஜெர்மானிய ஒற்றர் என்று நிரூபிக்கப்பட்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ரோஸ் பாஸ்டர் ஸ்டோக்ஸ் என்ற சோஷலிஸ்ட், “நான் மக்கள் பக்கம், அரசாங்கம் கொள்ளை லாபக்காரர்கள் பக்கம்” என்று ஒரு நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். 10 வருஷம். மேல்முறையீட்டில் பிறகு ரத்தானது. விஸ்கான்சின் மாநில சோஷலிஸ்ட் விக்டர் பெர்கருக்கு 20 வருஷம். மில்வாக்கி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள், நாடாளுமன்றம் உட்கார விடவில்லை. இடைத்தேர்தலில் மறுபடி அவரையே தேர்ந்தெடுத்தார்கள், மறுபடியும் கதவைச் சாத்தினார்கள்.

சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸின் வழக்கு எல்லோருக்கும் தெரிந்தது, இருந்தாலும் ஒரு விவரத்துக்காகச் சொல்கிறேன். 1918 ஜூன் 16 அன்று ஒஹாயோவின் கான்டன் நகரப் பூங்காவில் பேசினார். பேசுவதற்கு முன் பக்கத்திலிருந்த சிறைக்குப் போய், இதே மாதிரிப் பேசியதற்காக உள்ளே இருந்த மூன்று தோழர்களைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன சொல்கிறேன், எப்படிச் சொல்கிறேன் என்பதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று மேடையிலேயே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். கூட்டத்தில் அரசின் சுருக்கெழுத்தாளர் உட்கார்ந்திருந்தார். 10 வருஷம் தண்டனை. அட்லாண்டா சிறையில் 9653-ம் நம்பர் கைதியாக இருந்தபடியே 1920 ஜனாதிபதித் தேர்தலில் நின்று 9 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். வில்சன் கடைசி வரை மன்னிக்கவில்லை. அடுத்து வந்த ஹார்டிங் 1921 கிறிஸ்துமஸுக்கு விடுவித்து, வெள்ளை மாளிகைக்கும் அழைத்துக் கை குலுக்கினார். இதில் கவனிக்க வேண்டியது: டெப்ஸ் பிறந்தது இந்தியானா மாநிலத்தில். அவரைச் சிறையில் போடலாம், ஓட்டுரிமையைப் பறிக்கலாம், ஆனால் கப்பலில் ஏற்ற முடியாது.

பேச்சுரிமையை எழுதி வைத்த நாட்டில் இது எப்படிச் செல்லுபடியானது என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம்தான் பதில். 1919 மார்ச்சில் ஷெங்க் வழக்கு. பிலடெல்ஃபியா சோஷலிஸ்ட் கட்சிச் செயலாளர் சார்லஸ் ஷெங்க், கட்டாய ராணுவச் சேர்க்கை அடிமைத்தனத்தை ஒழித்த 13-வது சாசனத் திருத்தத்துக்கு எதிரானது என்று சுமார் 15,000 துண்டுப் பிரசுரம் அடித்திருந்தார். சட்டத்தை நீக்கக் கோரி மனுப் போடுங்கள் என்பதுதான் அதில் இருந்த உச்சக்கட்ட வேண்டுகோள். ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தண்டனையை உறுதி செய்தார்கள். திரையரங்கில் ‘தீ, தீ’ என்று பொய்யாகக் கத்துபவனைப் பேச்சுரிமை காப்பாற்றாது என்று நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதியது இந்தத் தீர்ப்பில்தான். இன்றும் யாராவது பேச்சுரிமைக்கு வரம்பு வேண்டும் என்று வாதாடினால் முதலில் இந்தத் திரையரங்கைத்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அது மனுப் போடச் சொன்ன ஒரு காகிதத்துக்காகப் பிறந்த உவமை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தால் கொஞ்சம் கூச்சப்படுவார்கள்.

எட்டு மாதம் கழித்து அதே ஹோம்ஸ் திரும்பி நின்றார். அந்த வழக்குதான் இரண்டு வழிகளும் சந்திக்கும் இடம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1918 ஆகஸ்ட் 23. நியூயார்க்கில் ஹூஸ்டன் தெருவும் க்ராஸ்பி தெருவும் சந்திக்கும் மூலை, தையல் கூடங்களும் தொப்பித் தொழிற்சாலைகளும் நெருக்கியடிக்கும் இடம். காலையில் மேலே ஒரு ஜன்னலிலிருந்து காகிதங்கள் பறந்து வந்தன. ஒன்று ஆங்கிலத்தில், ஒன்று யிட்டிஷில். ரஷ்யப் புரட்சியை நசுக்க வில்சன் படை அனுப்புகிறார், தொழிலாளர்களே விழித்தெழுங்கள், பொது வேலைநிறுத்தம் செய்யுங்கள் என்பது சாரம். அச்சடித்தவர்கள் ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு சிறு யூத அனார்க்கிஸ்ட் குழு. (தமிழில் ‘அராஜகவாதி’ என்று எழுதினால் ரவுடி மாதிரித் தொனிக்கிறது. அரசு என்ற அமைப்பே வேண்டாம் என்ற கொள்கை உடையவர்கள் இவர்கள். அதனால் அனார்க்கிஸ்ட் என்றே எழுதுகிறேன்.) ஜேக்கப் ஆப்ரம்ஸ் புத்தகம் கட்டும் தொழிலாளி. மோலி ஸ்டைமர் ரவிக்கை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்த, ஐந்தடிக்கும் குறைவான, 20 வயதுப் பெண். ஒருவர் வழக்கு ஆரம்பிக்கும் முன்பே காவலில் இருந்தபோது இறந்துபோனார். ஆப்ரம்ஸுக்கும் இன்னும் இருவருக்கும் 20 வருஷம், மோலிக்கு 15 வருஷம். ஜெர்மனியோடு நடந்த போரைப் பற்றி அல்ல, போர் அறிவிக்காத ரஷ்யாவுக்குப் படை அனுப்பியதைப் பற்றித்தான் அவர்கள் எழுதினார்கள். அதெல்லாம் எடுபடவில்லை.

1919 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று தண்டனையை உறுதி செய்தது. அந்த இருவர் ஹோம்ஸும் பிராண்டைஸும். யாரோ முகம் தெரியாத ஒரு ஆள் ரகசியமாக அச்சடித்த அசட்டுத் துண்டுக் காகிதத்தால் அரசுக்கு என்ன ஆபத்து வந்துவிடும் என்று ஹோம்ஸ் கேட்டார். கருத்துகள் சந்தையில் ஒன்றோடொன்று மோதி வெல்லட்டும் என்று அவர் எழுதிய பத்திகளிலிருந்துதான் பின்னால் அமெரிக்கப் பேச்சுரிமைச் சட்டம் முளைத்தது. முழுதாகக் காய்க்க 1969 வரை ஆனது.

இனி இரண்டாவது வழி. இதன் வேர் போருக்கு வெகு முன்னால், சீனர்களை விரட்டிய காலத்தில் இருக்கிறது. சீனத் தொழிலாளர்கள் எப்போதும் வசிப்புச் சான்றிதழ் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடு கடத்தலாம் என்று 1892-ல் ஒரு சட்டம் வந்தது. மறுவருஷம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டபோது ஒரு வாக்கியத்தில் எல்லாவற்றையும் முடித்தது: நாடு கடத்துவது ஒரு குற்றத்துக்கான தண்டனை அல்ல. வீட்டுக்காரர் விருந்தாளியை வெளியே போகச் சொல்வது மாதிரி. தண்டனை இல்லை என்றால் ஜூரி தேவையில்லை, குற்ற வழக்குக்கு உரிய பாதுகாப்பு எதுவும் தேவையில்லை. நீதிபதி டேவிட் புரூவர் இதை மறுத்து எழுதினார். ஒரு மனிதனை வீடு, குடும்பம், தொழில் எல்லாவற்றிலிருந்தும் பிடுங்கிக் கடலுக்கு அப்பால் அனுப்புவது தண்டனைதான், அதுவும் கொடுமையான தண்டனை என்பது யாருக்குத்தான் தெரியாது என்றார். அவர் பக்கம் பெரும்பான்மை இல்லை.

1901-ல் ஜனாதிபதி மெக்கின்லியை ஓர் அனார்க்கிஸ்ட் சுட்டுக் கொன்றான். அவன் டெட்ராய்ட் பகுதியில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். ஆனால் அதன் விளைவாக 1903-ல் வந்தது, வெளிநாட்டு அனார்க்கிஸ்டுகள் உள்ளே வரக் கூடாது என்ற குடியேற்றச் சட்டம். உள்ளூர்க்காரன் சுட்டதற்கு வெளியூர்க்காரனுக்குக் கதவடைப்பு. அந்தச் சட்டத்தில் ஒரு காலக்கெடு இருந்தது: வந்து மூன்று வருஷம் தாண்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக அனுப்ப முடியாது. 1917 பிப்ரவரியில், வில்சனின் மறுப்பையும் மீறி நிறைவேறிய குடியேற்றச் சட்டம் அந்தக் கெடுவைத் தளர்த்தியது. எழுத்தறிவுத் தேர்வு வைத்ததும், இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்கு வாசலைச் சாத்தியதும் இதே சட்டம்தான். அப்புறம் 1918 அக்டோபர் 16-ல் வந்த சட்டம் மிச்சமிருந்ததையும் முடித்தது. எப்போது வந்தவராக இருந்தாலும் சரி. என்ன செய்தார், என்ன பேசினார் என்று காட்ட வேண்டியதில்லை. அரசைப் பலாத்காரமாகக் கவிழ்க்கச் சொல்லும் அமைப்பில் உறுப்பினர் என்றால் போதும். ‘போர்க்காலச் சட்டம்’ என்று சொல்கிறோமே, இது வந்து 26-ம் நாள் போர் நின்றுவிட்டது. இதன் வேலையெல்லாம் நடந்தது சமாதான காலத்தில்.

எம்மா கோல்ட்மன் கேள்விக்கு இங்கேதான் பதில். அவர் இரண்டு வழியிலும் அடிபட்டவர். 1917 ஜூனில், உளவுச் சட்டம் கையெழுத்தான அதே நாளில், அவரும் அவருடைய தோழர் அலெக்ஸாண்டர் பெர்க்மனும் கைதானார்கள். கட்டாய ராணுவப் பதிவுக்கு எதிராகச் சதி செய்ததாக வழக்கு, இரண்டு வருஷம் சிறை. அதற்கு ஜூரி இருந்தது, எம்மா தானே வாதாடினார். சிறையிலிருந்து வெளியே வந்தபோது அடுத்த ஃபைல் தயாராக இருந்தது. அதைத் தயார் செய்தவர் நீதித் துறையில் 24 வயதில் ஒரு பிரிவுக்குத் தலைவராகியிருந்த ஜே. எட்கர் ஹூவர். எம்மா 1885 முதல் அமெரிக்காவில் இருந்தவர், கணவர் மூலம் குடியுரிமை பெற்றவர். ஆனால் 1909-லேயே அந்த முன்னாள் கணவரின் குடியுரிமையை, விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தந்தார் என்று அரசு ரத்து செய்திருந்தது. எம்மாவை அந்த வழக்கில் ஒரு தரப்பாகக்கூடச் சேர்க்கவில்லை. கணவர் கொடி சாய்ந்ததும் மனைவியின் கொடியும் சாய்ந்தது. ஆக, 34 வருஷம் அந்த நாட்டில் வாழ்ந்தவர் 1919-ல் சட்டப்படி அந்நியர்.

1919 டிசம்பர் 21, விடியுமுன் எல்லிஸ் தீவிலிருந்து 249 பேரைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய், ‘பியூஃபோர்ட்’ என்ற பழைய ராணுவக் கப்பலில் ஏற்றினார்கள். மூன்று பேர் பெண்கள். பெரும்பாலானவர்கள் ரஷ்யத் தொழிலாளர் சங்கம் என்ற அமைப்பின் உறுப்பினர்கள். அதில் பலர் ஆங்கிலம் படிக்கவும் கூட்டாளிகளோடு பேசிக்கொண்டிருக்கவும் சங்கக் கட்டடத்துக்குப் போனவர்கள். குடும்பத்திடம் விடை பெறக்கூட வாய்ப்பில்லாமல் போனவர்கள் உண்டு. எங்கே போகிறோம் என்று கப்பலில் இருந்தவர்களுக்குச் சொல்லவில்லை. நான்கு வாரம் கழித்து ஃபின்லாந்தின் ஹாங்கோ துறைமுகத்தில் இறக்கி, ரயிலில் ரஷ்ய எல்லைக்கு அனுப்பினார்கள். கரையில் நின்று வழியனுப்பியவர்களில் ஹூவரும் இருந்தார்.

இதற்கு உடனடிக் காரணம் 1919 ஜூன் 2-ல் பல நகரங்களில் வெடித்த குண்டுகள். அதில் ஒன்று அட்டர்னி ஜெனரல் மிட்செல் பால்மரின் வீட்டு வாசலில் வெடித்தது. வைக்க வந்தவனே அதில் சிதறினான். குண்டு உண்மை, பயமும் உண்மை. அதை மறுக்க முடியாது. ஆனால் குண்டு வைத்தவர்களைக் கண்டுபிடிப்பது சிரமமான வேலை. உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களைப் பிடிப்பது சுலபம். 1920 ஜனவரி 2 இரவு 30-க்கு மேற்பட்ட நகரங்களில் ஒரே சமயத்தில் சோதனை. ஆயிரக்கணக்கானவர்கள் பிடிபட்டார்கள். டெட்ராய்ட் மத்திய அரசுக் கட்டடத்தின் மேல்மாடி நடைபாதையில் 800 பேரை நாள்கணக்கில் அடைத்து வைத்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு கழிப்பறை.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நாடு கடத்தல் விசாரணைக்கு 22-ம் விதி என்று ஒன்று இருந்தது. விசாரணையின் ஆரம்பத்திலேயே, வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று பிடிபட்டவரிடம் சொல்ல வேண்டும் என்றது அது. சோதனைக்கு ஓரிரு நாள் முன்பு, டிசம்பர் கடைசியில், சத்தமில்லாமல் அதை மாற்றினார்கள்: முடிந்தால் ஆரம்பத்தில், இல்லாவிட்டால் அரசின் நலனைக் காக்கும் அளவுக்கு விசாரணை முன்னேறிய பிறகு சொன்னால் போதும். அதாவது, வாக்குமூலம் வாங்கி முடித்த பிறகு வக்கீல். நாடாளுமன்றம் கூடவில்லை, நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை, ஒரு துறை தன் விதியில் சில சொற்களைச் சேர்த்தது. ஜனவரி முடிவதற்குள் பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குள் பெரும்பாலான வாக்குமூலங்கள் ஃபைலில் ஏறிவிட்டன. முதல் வழியில் இப்படி ஒரு காரியத்தை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஆனால் மேசையில் நடந்ததை மேசையில்தான் திருத்தவும் முடிந்தது. நாடு கடத்தல் உத்தரவில் கையெழுத்துப் போடும் அதிகாரம் பால்மரிடம் இல்லை, தொழிலாளர் துறையிடம் இருந்தது. மார்ச் மாதம் அந்தத் துறையின் செயலாளர் உடம்பு சரியில்லாமல் இருந்தார், அடுத்த நிலையில் இருந்தவர் தேர்தலில் நிற்கப் போய்விட்டார். பொறுப்பு லூயி போஸ்ட் என்ற உதவிச் செயலாளரிடம் வந்தது. 70 வயது, தாடி, பழைய பத்திரிகைக்காரர். குவிந்து கிடந்த ஃபைல்களை அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். சோஷலிஸ்ட் கட்சியின் ரஷ்யப் பிரிவில் இருந்த ஆளை, கட்சி உடைந்தபோது அவருக்கே தெரியாமல் கம்யூனிஸ்ட் கட்சிப் பட்டியலுக்கு மாற்றியிருந்தார்கள். இது உறுப்பினர் ஆவதாகுமா? ஆகாது, ரத்து. வக்கீல் இல்லாமல் வாங்கிய வாக்குமூலமா? ரத்து. இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட வாரண்டுகள் போயின. ஜாமீன் தொகைகளையும் குறைத்தார். அவரைப் பதவி நீக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கிளம்பினார்கள். மே மாதம் கமிட்டி முன் உட்கார்ந்து, சட்டம் என்ன சொல்கிறது என்று ஆசிரியர் பாடம் எடுப்பது மாதிரி எடுத்தார். தீர்மானம் அப்படியே அமுங்கிவிட்டது. அதற்குச் சில நாள் முன்புதான், மே 1 அன்று பெரும் கலவரம் வெடிக்கும் என்று பால்மர் எச்சரித்திருந்தார். போலீஸ் கண் விழித்துக் காத்திருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. ஜனாதிபதி வேட்பாளர் ஆகும் அவர் ஆசையும் அதோடு வாடிப்போயிற்று.

போஸ்டைத் தனி மனித வீரர் ஆக்கிக் கதை சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். எம்மா கோல்ட்மனின் நாடு கடத்தல் உத்தரவில் கையெழுத்திட்டவரும் இதே போஸ்ட்தான். எம்மா வெளிப்படையான அனார்க்கிஸ்ட், குடியுரிமை இல்லை, 1918 சட்டம் தெளிவாக இருக்கிறது, எனக்கு வேறு வழியில்லை என்பது அவர் நிலை. பிடிக்காத சட்டத்தையும் அதன் எழுத்துப்படி நடத்தினார், அந்த எழுத்தைத் தாண்டி யாரும் போகவிடவில்லை. இதைப் பாராட்டுவதா வேண்டாமா என்பதில் எனக்கு இன்னும் இரண்டு மனம்தான்.

நம் பக்கத் தொடர்பு ஒன்று உண்டு. வில்சன் உளவுச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதே 1917 ஜூன் நடுவில், சென்னை அரசாங்கம் அன்னி பெசன்ட், அவருடைய சகாக்கள் அருண்டேல், வாடியா மூவரையும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வழக்கில்லாமல் காவலில் வைத்து ஊட்டிக்கு அனுப்பியது. சென்னை உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி, மதுரைக்காரரான சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் கொதித்துப் போய் ஜூன் 24 அன்று யாருக்குக் கடிதம் எழுதினார் தெரியுமா? ஜனாதிபதி வில்சனுக்கு. உலக ஜனநாயகத்துக்காகப் போரிடுகிறேன் என்றவர் இந்தியாவுக்கும் சுயாட்சி கிடைக்க உதவ வேண்டும் என்று. அமெரிக்கத் தம்பதி ஒருவர் கடிதத்தைக் கையோடு கொண்டுபோனார்கள். செய்தி வெளியானதும் லண்டனில் இந்திய மந்திரி மான்டேகு கடுமையாகச் சாடினார். ஐயர் தன் சர் பட்டத்தைத் துறந்தார். விசாரணையில்லாக் காவலைப் பற்றி ஒரு நீதிபதி முறையிடப் போன இடம், அஞ்சல் பைகளைப் பிரித்துப் பத்திரிகைகளை நிறுத்த அப்போதுதான் அதிகாரம் எடுத்துக்கொண்டிருந்த அரசு. அது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அமெரிக்காவிலிருந்த இந்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அங்கிருந்த இந்தியப் புரட்சியாளர்களின் கதர் கட்சியை உருவாக்கிய ஹர்தயாளை 1914-லேயே சான் ஃபிரான்சிஸ்கோவில் அனார்க்கிஸ்ட் என்ற பெயரில் குடியேற்ற அதிகாரிகள் பிடித்தார்கள். ஜாமீனில் வந்தவர் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்.

மிச்சக் கேள்விக்குச் சுருக்கமாக. தேசத்துரோகத் திருத்தம் போர் நின்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு நீக்கப்பட்டது. மூலமான உளவுச் சட்டம் நீக்கப்படவே இல்லை. அரசு ரகசியங்களை வெளியே கொண்டுவந்த டேனியல் எல்ஸ்பர்க் மேலும் எட்வர்ட் ஸ்னோடென் மேலும் பாய்ந்தது அதுதான். நாடு கடத்தல் தண்டனை அல்ல என்ற 1893-ன் வாக்கியமும் அப்படியே இருக்கிறது.

மோலி ஸ்டைமரை 1921 நவம்பரில், திரும்பி வரக் கூடாது என்ற நிபந்தனையோடு தண்டனையைக் குறைத்து, ஆப்ரம்ஸோடும் மற்ற இருவரோடும் ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். எந்தப் புரட்சிக்காக ஜன்னலிலிருந்து காகிதம் வீசினாரோ அந்த அரசே, சிறையிலிருந்த அனார்க்கிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1923-ல் அவரை வெளியேற்றியது. பெர்லின், பாரீஸ், ஜெர்மானியர் படையெடுப்பின்போது பிரான்சில் ஒரு முகாம் என்று அலைந்து கடைசியில் மெக்சிகோ போய்ச் சேர்ந்தார். துணைவர் சென்யா ஃப்ளெஷினோடு அங்கே ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோ நடத்தினார். இருவர் பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்து அதற்கு ‘செமோ’ என்று பெயர். 1980 வரை உயிரோடு இருந்தார். ஆப்ரம்ஸும் அதே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார்.